முன்னறையைக் காலி செய்தார்கள்

நான் செத்துப்போகாதது என் வீட்டில் யாருக்கும் வசதியாக இல்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மரியாதை தெரிந்தவர்கள், நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

ஜூலை மழையில் பக்கவாதம் வந்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கையை விரித்ததும் பீர்மேட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். நாக்கு எழவில்லை, கண் திறக்கவில்லை. காது மட்டும் ஒழுங்காகக் கேட்டது.

"முன்ரூம காலி பண்ணணும். பெட்டி வைக்க எடம் வேணும்ல," என்றாள் மருமகள் நிமி.

முன்னறை முழுக்க என் புத்தகங்கள். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்தவள் நான். கக்கூஸ் வரிசையில் நின்றுகொண்டே படித்து, என் முறையைக் கோட்டைவிட்டு அப்பா சூசையப்பனிடம் அடி வாங்கியவள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தினக்கூலி டீச்சராகச் சேர்ந்தேன். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதி, மலைக்குக் கீழே எலப்புள்ளிப் பக்கம் வேலை கிடைத்தபோது, கல்யாணமான புதிதில் அவ்வளவு தூரமா என்று வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். போனேன். மாற்றல் வாங்கி மலையேறியபோது துணியைவிடப் புத்தகம்தான் அதிகம். ஹெச்.எம். ஆன பிறகு படிக்க நேரமில்லை. ரிட்டயரானதும் படிக்கலாம் என்று ஓர் அலமாரி நிறைய ஒதுக்கிவைத்தேன். அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அதற்குள் விழுந்துவிட்டேன்.

சாகக் கிடக்கிறவர் வீட்டில் சாயங்காலம் செபமாலை சொல்ல ஊர் கூடும். வந்தவர்களுக்குப் பால் ஊற்றாத கட்டன் சாயாவாவது கொடுக்காமல் அனுப்ப முடியாது. வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி, கல் கூட்டி, பெரிய அண்டாவை ஏற்றினார்கள்.

"வெறகு நனஞ்சு கெடக்கு, பிடிக்கவே மாட்டேங்குது ஜோமோனே," என்றாள் பக்கத்து வீட்டு மதலேனம்மாள்.

"அம்மா புக்கு கெடக்குல்ல, எடுத்து வைங்க. இனி யாரு படிக்கப்போறா."

சொன்னது என் மகன். கதை படித்துக் காட்டினால்தான் தூங்குவேன் என்று அடம்பிடித்த அதே பிள்ளை.

அட்டையைப் பிய்த்தால் ஒரு சத்தம், உள்தாளைக் கிழித்தால் வேறு சத்தம். இரண்டையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி வலது கையைத் தூக்கிப் பின்வாசலைக் காட்டினேன்.

"கைய தூக்குறாங்க பாருங்க," என்று மதலேனம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "மாதா வந்து நிக்குறது டீச்சர் கண்ணுக்குத் தெரியுது."

கையில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைத் திணித்துச் சத்தமாகப் பாடினார்கள். மறுநாள் மறுபடி தூக்கினேன். வாயில் தீர்த்தம் விட்டார்கள். ரோசி டீச்சருக்கு மாதா காட்சி கொடுக்கிறாள் என்று மலை முழுக்கப் பேச்சாகி, அடுத்த எஸ்டேட்டிலிருந்தெல்லாம் ஜீப் பிடித்து வந்தார்கள். கூட்டம் கூடக் கூடக் கட்டன் அதிகம் தேவைப்பட்டது. கட்டன் கொதிக்கப் புத்தகம் தேவைப்பட்டது. நான் கையைத் தூக்கத் தூக்க அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. அது எனக்குப் புரிய இரண்டு அலமாரி ஆனது. அப்புறம் கையைத் தூக்கவில்லை. ஆனாலும் கூட்டம் நிற்கவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் கண் திறந்தது. கொஞ்ச நாளில் நாக்கும் குளறிக்குளறி எழுந்தது.

"புக்கு?" என்றேன்.

ஜோமோன் தரையைப் பார்த்தான். "அடுப்புக்குப் போயிருச்சும்மா. நீ எப்படியும் போயிருவன்னு..."

"போன்ல எல்லாம் கெடைக்கும் அத்தை," என்று நிமி போனை நீட்டினாள். அதில் எழுத்து ஈ மாதிரி ஓடுகிறது. வேறு புத்தகம் வாங்கித்தா என்று மகனிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றான். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இடது பக்கம் வரவில்லை. ஜன்னலோரக் கட்டிலோடு சரி. ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்று நிமி ஒரு ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டால் கடை இருக்காது என்று மகன் முன்கூட்டியே எனக்காக அடித்துவைத்த ஃப்ளெக்ஸ் அது. எழுத்து வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்குமாம். அதனால் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறாள்.

'கண்ணீர் அஞ்சலி. புத்தகமே உயிராக வாழ்ந்த ரோசி டீச்சர்.' என் படம். பிறந்த தேதி. இறந்த தேதிக்கு இடம் விட்டிருக்கிறது. கீழே, மகன் ஜோமோன்.

விடிந்ததும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த வீட்டில் படிக்க அது ஒன்றுதான் இருக்கிறது.