மூத்த மகன் உள்ளே வரவில்லை

ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு ஞாயிறு பள்ளி டீச்சர் வேலை எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், அவன் மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்வாள். "சபைக் கூட்டத்துல கொசு அடிக்கக் கையத் தூக்கினாரு. போதகர் ஐயா ஸ்தோத்திரம்னு சொல்லிப் பேர எழுதிக்கிட்டாரு."

அதில் பாதிதான் உண்மை. பிள்ளைகள் என்றால் அவனுக்கு உயிர். பிள்ளைகளுக்கும் அவன் 'ஃபிரிட்ஜ் அண்ணன்'. கோபம் வந்தால்கூட ஜில்லென்றுதான் வரும் என்று கேலி செய்வார்கள். ஆலயத்துக்குப் பின்னால் இருந்த நீள அறையில் ஞாயிறு காலையில் அவன் கதை சொன்னால், வெளியில் காத்திருக்கும் பெற்றோர்கூட ஜன்னலோரம் வந்து காது கொடுப்பார்கள்.

அந்த வாரப் பாடம் மன்னிப்பு. இதில் என்ன கஷ்டம், கண்ணை மூடிக்கொண்டு நடத்திவிடலாம் என்று நினைத்துத்தான் போனான். உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிட்டது, கஷ்டம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று. எப்போதும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி உட்காரும் அண்ணனும் தம்பியும் பெஞ்சின் இந்த முனையில் ஒருவன், அந்த முனையில் ஒருவன்.

விஷயம் இதுதான். பெரியவன் லீவு முழுக்க வீட்டு மூலையில் குந்தி, தீக்குச்சிகளை ஒட்டி ஒரு கப்பல் செய்திருந்தான். பாய்மரம், ஏணி, நங்கூரம் எல்லாம் வைத்து. மூச்சு விட்டால் ஆடிவிடும் என்று ஃபேனைக்கூடப் போட விடவில்லை. சின்னவனுக்கு ஒரே ஒரு சந்தேகம்: இது மிதக்குமா? அண்ணன் கடைக்குப் போன நேரம் பார்த்து, கப்பலைத் தூக்கித் துணி ஊறவைக்கிற டப்பில் விட்டான். கொஞ்ச நேரம் மிதக்கத்தான் செய்தது. அப்புறம் பசை கரைந்து, கப்பல் கப்பலாக இல்லாமல் குச்சி குச்சியாக மிதந்தது.

"கப்பல்னா மிதக்கணும்ல?" என்றுதான் அவன் அம்மாவிடம் வாதாடினான். அண்ணனிடம் ஒரு வார்த்தை ஸாரி சொல்லவில்லை. அண்ணனும் அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. "அம்மா, அந்தப் பையன்கிட்ட தண்ணி பாட்டில குடுக்கச் சொல்லு" என்று, ஊர் பேர் தெரியாத ஆளைப் பற்றிச் சொல்வது போலத்தான் பேச்சு.

ஃபிரிட்ஜ் அண்ணன் இருவரையும் முன்னால் அழைத்தான். "தம்பி, நீ ஸாரி சொல்லு. பெரியவனே, நீ பரவாயில்லன்னு சொல்லு. கை குடுங்க. அவ்ளோதான் மன்னிப்பு. பாடம் முடிஞ்சுது."

சின்னவன் கூரையைப் பார்த்தபடி "ஸாரி" என்று முனகினான். பெரியவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"எனக்குப் பரவாயில்ல இல்லையே அண்ணா. அப்புறம் எப்படிப் பரவாயில்லன்னு சொல்றது? பொய் சொல்லக் கூடாதுன்னு போன வாரம்தான சொல்லிக்குடுத்தீங்க?"

வகுப்பு மொத்தமும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தது. அவன் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பதிலைத் தேடினான். நல்லவேளையாக ஆராதனை முடிந்த மணி அடித்தது.

மறுநாள் பட்டறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜின் முதுகைக் கழற்றிப் போட்டுக்கொண்டு அதையே யோசித்தான். பையன் கேட்டது நியாயம்தானே? குழாயில் கேஸ் கசிகிறபோது, கசியவே இல்லை என்று கதவை மூடினால் ஃபிரிட்ஜ் குளிருமா? மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தபோது, ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு நின்றான்.

"நாடகம் போடப்போறோம். இயேசு சொன்ன ரெண்டு மகன்கள் கதை. சொத்த வாங்கிட்டு ஓடிப்போற இளையவனா சின்னவன். வீட்டோட கிடந்து உழைக்கிற மூத்தவனா பெரியவன். நடிக்க நடிக்கத் தானா இளகிடுவான் பாரு."

"நீங்க நெனச்சபடி எதுதான் நடந்திருக்கு?" என்றாள் அவள். ஆனாலும் அன்று சாயங்காலமே பழைய கம்பளியை வெட்டித் தாடி தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

தாடி அப்பா வேஷத்துக்கு. அப்பாவாக நடிக்க, 'மைக்' என்று எல்லோரும் அழைக்கிற சின்னப் பெண்ணைப் பிடித்தார்கள். ஆள் பெஞ்சு உயரம்தான். குரல் கடைசி வரிசைக்கு அப்பாலும் கேட்கும். இரண்டு வாண்டுகள் ஒரே போர்வைக்குள் நுழைந்து, திரும்பி வரும் இளையவனின் விருந்துக்காக அப்பா அடிக்கச் சொல்லும் கொழுத்த கன்றானார்கள். ஒத்திகையில் கன்றை விருந்துக்கு இழுத்துப் போகிற கட்டம் வந்ததும், முன்கால்களாக இருந்தவன் "நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று அழத் தொடங்கினான். அதனால் கன்றுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்து, விருந்தைக் கேக்காக மாற்றினார்கள். அண்ணன் தம்பியின் அம்மா கேக் செய்து விற்கிறவள். நான் கொண்டுவருகிறேன் என்றாள்.

பெரியவன் வசனத்தை மடமடவென்று மனப்பாடம் செய்துவிட்டான். தம்பிக்கு விருந்தா என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே நிற்கிற கட்டத்தில் அவனுக்கு நடிப்பே தேவைப்படவில்லை.

"அப்பா வெளிய வந்து கூப்பிடுறாரு. அப்புறம் மூத்தவன் உள்ள போனானா அண்ணா?" என்று கேட்டான்.

"இயேசு அதச் சொல்லல. கதைய அங்கேயே நிறுத்திட்டாரு."

"அப்ப போகலன்னுதான் அர்த்தம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டான் பெரியவன். ஃபிரிட்ஜ் அண்ணன் தலையைச் சொறிந்தான்.

நாடக நாள் வந்தது. அறை நிரம்பி வழிந்தது. போதகர் ஐயா முன் வரிசையில். சின்னவன் ஊதாரியாகப் பிய்த்து உதறினான். பணப்பையைத் தலைக்கு மேல் சுற்றி ஆடினான், பணம் தீர்ந்து பன்றிகளோடு பசியில் உருண்டான், கிழிந்த சட்டையோடு தள்ளாடித் திரும்பினான். அப்பாவாக நடித்த மைக், தன் வசனம் வரும்வரை பொறுக்காமல் ஓடிவந்து மோதியதில் இருவரும் விழுந்தார்கள். தாடி ஒரு பக்கம் தொங்கியது. கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. சின்னவன் மேஜையில் உட்கார்ந்து நிஜமாகவே கேக்கை வெளுத்துக் கட்டினான்.

மூத்த மகன் வந்தான். வாசல் என்று தரையில் சாக்பீஸால் கிழித்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றான். அப்பா வாசல் வரை வந்தார்.

"நான் உங்க கூடவே இருந்தேன். உங்க பேச்ச மீறினதில்ல" என்று வசனத்தை ஆரம்பித்தவன், மேஜையில் கேக் அப்பிய வாயோடு இருந்த தம்பியைப் பார்த்தான். குரல் உடைந்தது. "லீவு ஃபுல்லா அந்தக் கப்பலச் செஞ்சேன். விளையாடக்கூடப் போகல. அவன் கேக்காம எடுத்துட்டுப் போய்த் தண்ணில போட்டான். ஒழுங்கா ஒரு ஸாரிகூடச் சொல்லல. நான் உள்ள வர மாட்டேன்."

இது நாடகத்தில் இல்லை. திரைக்குப் பின்னால் நின்ற ஃபிரிட்ஜ் அண்ணன், விளக்கை அணைத்துவிடலாமா என்று சுவிட்சில் கை வைத்தான். அதற்குள் மைக் பேச ஆரம்பித்துவிட்டாள். சொல்ல வேண்டிய வசனம் அவளுக்கு மறந்தே போயிருந்தது. வீட்டில் அவள் கோபித்துக்கொண்டு மாடிப்படியில் உட்காரும்போது அவள் அப்பா பக்கத்தில் வந்து உட்காருவாரே, அதுதான் நினைவுக்கு வந்தது. கோட்டைத் தாண்டி வந்து, பெரியவன் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கப்பல் போனது போனதுதான்டா. எனக்கும் கஷ்டமா இருக்கு" என்றாள், அந்தக் கடைசி வரிசைக் குரலில். "கோவம் போகலன்னா பரவாயில்ல. கோவத்தோடயே உள்ள வா. நீ வராம எனக்குக் கேக் எறங்காது."

பெரியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேஜையில் இருந்தவன் மெல்வதை நிறுத்தினான். அன்று ஸாரி சொல்லும்போது கூரையைப் பார்த்திருந்த கண்கள் அப்போதுதான் அண்ணனின் முகத்தைப் பார்த்தன. இறங்கி ஓடிவந்தான்.

"அண்ணா, அது பிரிஞ்சு போகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. பிரிஞ்சதும் பயந்துட்டேன். எல்லாக் குச்சியையும் எடுத்து ஒட்டிப் பாத்தேன், வரல. நான் பண்ணது தப்பு." அழுகையும் கேக்கும் ஒன்றாகச் சேர்ந்து புரையேறியது.

பெரியவன் அவன் முதுகில் தட்டினான். முதல் தட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அடுத்தது மெதுவாக.

"பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன்" என்றான். "ஆனா உன்ன மன்னிச்சிட்டேன். தள்ளு, நானும் உக்காரணும்."

கோட்டைத் தாண்டி உள்ளே போனான்.

அறையில் யார் முதலில் எழுந்தது என்று தெரியவில்லை. எல்லோரும் நின்று கைதட்டினார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரே சமயத்தில் அழுது சிரித்தாள். உயிர் தப்பிய சந்தோஷத்தில் கன்று மேடையைச் சுற்றிக் குதித்து, பின்கால்கள் ஒரு பக்கமும் முன்கால்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து ஓடியது. போதகர் ஐயா எழுந்து, "நான் பேச வச்சிருந்தத அந்தக் குட்டித் தாடி பேசிட்டுது. ஜெபம் பண்ணிட்டு நாமளும் சாப்பிடலாம்" என்றார்.

ஃபிரிட்ஜ் அண்ணன் சுவிட்சிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றுகொண்டிருந்தான். எத்தனையோ முறை அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான். திரும்பி வந்த இளையவனை எதிர்கொண்டு அப்பா ஓடுவதைத்தான் கைகால் ஆட்டி நடித்துக் காட்டுவான். விருந்தின் நடுவில் எழுந்து மூத்தவனுக்காகவும் அவர் வெளியே வந்தார், அதைச் சும்மா வாசித்துக் கடந்துபோயிருக்கிறான். கோபக்காரப் பிள்ளையைப் பிடித்து இழுக்காமல், அவன் பக்கத்தில் வந்து நிற்கிற பிதா. மனசு லேசாகிப் பறப்பது போலிருந்தது. மனைவி ஒரு துண்டு கேக்கை அவன் வாயில் திணித்து, "நீங்க நெனச்சபடி நடக்கல. அதவிட நல்லா நடந்துச்சு" என்றாள்.

கூட்டம் கலையும்போது அம்மா பெரியவனைக் கேட்டாள், "கோவம் எல்லாம் போயிடுச்சாடா?"

அவன் நேர்மையாக யோசித்தான். "இன்னும் கொஞ்சூண்டு இருக்கும்மா. நாளைக்கும் இருந்தா, நாளைக்கும் மன்னிச்சுக்கிறேன்."

வேஷத்துக்காகச் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்த சின்னவன், அதில் ஒன்று எங்கே போனதென்று தெரியாமல் சரளைக்கல் பாதையில் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டிருந்தான். பெரியவன் திரும்பிப் பார்த்தான். உச்சுக்கொட்டினான். பிறகு அவன் முன்னால் போய்க் குனிந்து முதுகைக் காட்டினான்.

"ஏறித் தொலை. கழுத்த நெரிச்ச, கீழ போட்டுடுவேன்."

சின்னவன் தாவி ஏறினான். கேட் வரைக்கும் இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.