மேல பூட்டியாச்சு

பற்றிக் ஏணியின் மேல்படியில் நின்று காம்பரின் கூரை விளிம்பைத் தன் முழு உடம்பாலும் அமுக்கினான். கூரை ஒரு சாண் இறங்கியது. "பிடி, பிடி, அந்தப் பக்கம் பிடி!" என்று கத்தினான். அந்தப் பக்கம் நின்ற சந்தீப் பிடிப்பதற்குள் கூரை பழையபடி மேலே போய் நின்றது. போகிற போக்கில் பற்றிக்கையும் கொஞ்சம் தூக்கியது. செத்தவீட்டுக்கென்று போட்டிருந்த கறுப்புக் கோட்டின் கக்கம் கிழிந்த சத்தம் சமையலறைவரை கேட்டது.

யன்னலடியில் நின்ற அற்புதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வெட்கமாக இருந்தது. புருசனின் பிரேதம் வீட்டுக்கு வரப்போகிற காலையில் எந்தப் பெண்சாதி சிரிப்பாள்? ஆனால் டெஸ்மன் இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார். தம்பிக்காரன் விழுந்தெழும்புவதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம்.

விசயம் இதுதான். புலம்பெயர்ந்து வந்த பாபடோயிட்டோயில் அவர்களுடைய வீடு ஒரு பின்வளவு வீடு. தெருவிலிருந்து வேலிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிய வழி ஒன்று, அதன் முடிவில் வாசல். அந்த வழியின் நடுவில், நான்கு இரும்புக் காலில், டெஸ்மனின் காம்பர் நின்றது. யூட் என்கிற திறந்த முதுகு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்சுற்றுகிற சின்ன வீடு அது. கூரையை மேலே தள்ளினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், இறக்கிவிட்டால் ஓட்டிப் போகலாம். ஏவன்டேல் சந்தையில் கண்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வாங்கி எட்டு மாதமாகத் திருத்திக்கொண்டிருந்தார். விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் போர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வருவார், தேத்தண்ணி குடிப்பார், அதற்குள் பூந்துவிடுவார். வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி. இப்போது ஒரு பெட்டி போனால்தான் மற்றப் பெட்டி வரலாம்.

கூரை எழும்பி நிற்கும்வரை அதை அசைக்கவும் முடியாது. தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற மின்கம்பி வழிக்கு மேலே தாழத் தொங்குகிறது.

பதினொரு மணிக்குப் பிரேத வான் வரும். வழி இல்லையென்றால் நேரே கோயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று அடக்கச்சேவைக்காரர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். "தட்ஸ் ஃபைன், அம்மா. ரியலி" என்றாள் மகள் றோஷினியும். அற்புதத்துக்கு அது சரிவரவில்லை. செவ்வாய்க்கிழமை அம்புலன்ஸில் ஏற்றும்போது டெஸ்மன் சொன்னது, "தேத்தண்ணியை மூடி வை, இப்ப வந்திடுவன்." அவள் சோசரால் மூடி வைத்தாள். வாறன் என்று சொல்லிப்போன மனுசன் வந்துவிட்டுத்தான் போக வேண்டும். சவப்பெட்டியில் என்றாலும் வாசலால் வர வேண்டும், விறாந்தையில் ஒரு செபமாலை சொல்ல வேண்டும். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சந்தீப் வியர்த்துப்போய் வாசலுக்கு வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை, இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். சனிக்கிழமைகளில் டெஸ்மனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதே அவனுடைய பொழுதுபோக்கு.

"ஆன்ட்டி, சாவி கிடைச்சுதா?"

"இல்லைத் தம்பி. எல்லாத் திறப்பையும் றோஷினி பாத்திட்டாள்."

"அங்கிள் மேல லாக் பண்ணிட்டாரு ஆன்ட்டி. செவ்வாய்க்கிழமை காலையிலதான் வேலி ஓரமா நின்னு சொன்னாரு. கூரைக்கு ரெண்டு கறுப்புக் குழாய் போட்ருக்காரு பாருங்க, அதுலதான் எங்கயோ சாவி போடுற இடம் இருக்கணும். நானும் தடவிப் பாத்துட்டேன், சிக்கல."

ஆகவே காலை ஆறு மணியிலிருந்து வீடே திறப்புத் தேடியது. டெஸ்மனின் வேலைக் காற்சட்டைப் பை, யூட்டின் இருக்கைக்கு அடி, ஆஸ்பத்திரி தந்துவிட்ட பிளாஸ்டிக் பை, அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். இந்தமுறை அவரும் கைவிரித்துவிட்டார்.

அற்புதத்துக்கு வேறொன்று குடைந்தது. இந்த மனுசனுக்கு எதையும் பூட்டிப் பழக்கமில்லை. வீட்டுக் கதவையே திறந்துபோட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர், உள்ளே என்ன வைத்துக் கூரையைப் பூட்டினார்?

அவள் அதற்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. வாங்கிவந்த அன்றே சண்டை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிவரத் துணி என்று கண்டதும் அவளுக்கு யுத்தத்தில் மடுவுக்கு ஓடிய வழியில் தரப்பாள் கூடாரத்துக்குள் கிடந்த மாதங்கள் நினைவுக்கு வந்துவிட்டன. "மோர்ட்கேஜ் கட்டி முடிச்ச கையோட திரும்பத் தரப்பாளுக்க படுக்கச் சொல்லுறீங்களோ? நான் கண்ணாலயும் பாக்கமாட்டன்" என்றாள். ஆனால் அவர் பெட்டிக்குள் பூந்தபின் இதே யன்னலால் எட்டிப் பார்க்காத நாள் ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்கும் அந்தோனியாருக்கும் மட்டும்தான் தெரியும். யன்னலால் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகு.

போன கிழமை ஒரு கூத்து நடந்தது. குளியலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து "ஏறு" என்றார். நீரிழிவுக்குப் பிரசங்கம் வைக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு ஏறினாள். முள்ளைப் பார்த்துவிட்டு, "சோக்கான நிறை" என்றார். பிறகு சமையலறை நிலையோடு அவளை நிறுத்தி, "நோகாமல் இடக்கையை எவ்வளவுக்குத் தூக்குவாய்?" என்று கேட்டுப் பென்சிலால் கோடு போட்டார். வலக்கையை அவளால் தூக்க முடியாது, தோள்மூட்டு இறுகி இரண்டு வருசம். விசர் மனுசன் என்று திட்டிக்கொண்டே அந்தக் கோட்டை அவள் சவர்க்காரம் போட்டுத் துடைத்தாள்.

வெளியே பற்றிக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு யூட்டுக்குள்ளிருந்து இரும்பறுக்கிற கிரைண்டரை எடுத்துவந்தான்.

"அண்ணி, நேரமில்லை. அந்தக் குழாய் ரெண்டையும் அறுத்து விடுவம். இதை வாங்கவெண்டு பக்குரங்காவில ஒருத்தன் நிக்கிறான், விலை குறைஞ்சால் குறையட்டும்."

"பொறு."

"அண்ணி..."

"பொறு பற்றிக்! நீ அண்ணன்ர வேலையை அறுக்கிறதுக்குப் பிறந்தனியோ?" அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. சந்தீப்பின் பக்கம் திரும்பினாள். "தம்பி, அவர் என்ன சொன்னவர்? உன்ர பாசையில வேண்டாம், அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

சந்தீப் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். டெஸ்மனின் குரலை வரவழைக்கப் பார்த்தான், பாதிதான் வந்தது. "தம்பி, மேல பூட்டியாச்சு. இனி அவ ஒற்றைக் கையால காரியம் பாப்பா, அப்டீன்னாரு."

அற்புதம் அவனை வாய்பிளந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். இந்தமுறை அடக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். றோஷினி ஓடிவந்து தாயைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டியாச்செண்டால் லொக் பண்ணினதெண்டோ விளங்கினது? ஐயோ என்ர பிள்ளை! நாங்கள் ரயரும் பூட்டுவம், லைற்றும் பூட்டுவம், ஃபானும் பூட்டுவம். எதையோ கொண்டுவந்து பொருத்தினவர். அதைத்தான் சொன்னவர்."

"அப்ப சாவியே கிடையாதா?" என்றான் சந்தீப்.

"பூட்டு இருந்தாத்தானே திறப்பு!"

பற்றிக் கிரைண்டரைக் கீழே வைத்தான். அவனும் மன்னார்க்காரன்தான். ஆனால் காலையிலிருந்து 'லாக்' என்ற சொல்லைத்தான் அவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப மேல என்னத்தைப் பூட்டினவர்?" என்று அற்புதம் கேட்டாள். அவள் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காம்பரடிக்குப் போனாள். படி இருந்தது. இடப்பக்கம் ஒரு கைபிடி இருந்தது. வலப்பக்கம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

உள்ளே மரத்தூளும் பசையும் மணத்தன. அவள் தரப்பாளைத் தேடினாள், காணவில்லை. துணிச்சுவர் முழுவதும் அவளுடைய பழைய விறாந்தைத் திரைச்சீலை, மஞ்சள் பூப்போட்டது, உள்பக்கமாகத் தைத்து மூடியிருந்தது. போன குளிர்காலத்தில் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னவர் அவர். தையல் கோணல்மாணலாக ஓடியது. மூலையில் ஓரிடத்தில் ஊசி கையில் குத்திய இரத்தப்பொட்டும் காய்ந்திருந்தது. தேத்தண்ணிக் கேத்தல் இடப்பக்கம். தண்ணிக்குழாய் இடப்பக்கம். அலமாரிக் கதவெல்லாம் இடக்கைக்குத் திறந்தன.

"அந்தக் கறுப்புக் குழாய்தான் கூரையைத் தூக்குது, ஆன்ட்டி" என்றான் பின்னால் ஏறிய சந்தீப், தலையைத் தடவியபடி. "இப்பதான் புரியுது. மேல சோலார் பேனல் வைக்கிற கணக்குல போட்ருக்காரு, அந்த வெயிட் இன்னும் இல்லைல்ல, அதான் இறங்க மாட்டேங்குது. பேனல் அட்டைப்பெட்டியோட கராஜ்ல கிடக்கு."

"பனல் வந்தாலும் ஆராவது இழுத்து இறக்கத்தானே வேணும். இது என்ன?"

இடச்சுவரில் ஒரு கொளுக்கி. அதில் பழைய கார் சீட் பெல்ட் ஒன்று மாட்டியிருந்தது. மேல்முனை கூரையின் நடுச்சட்டத்தில் முறுக்காணி போட்டுப் பூட்டியிருந்தது. கீழ்முனை வளையமாகத் தைத்திருந்தது.

"அது டவல் காயப்போட இல்லையா?"

அற்புதம் இடக்கையை நீட்டினாள். எட்டவும் தேவைப்படவில்லை, குனியவும் தேவைப்படவில்லை. வளையம் நேரே கைக்குள் வந்தது. சமையலறை நிலையில் அவள் துடைத்தழித்த கோடு அதே உயரம். ஆசை ஆசையாக ஒருத்திக்குச் செய்துவிட்டு, வந்து பார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்த மனுசனில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கேட்டிருந்தால் வந்திருப்பேன் என்று நினைத்தாள். வந்திருக்க மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பெல்ட்டுக்கு நேர்கீழே ஒரு சின்ன இருக்கை இருந்தது. தராசு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"தள்ளி நில்லு தம்பி" என்றாள். வளையத்தைப் பிடித்தபடி, தன் சோக்கான நிறையோடு, மெதுவாக இருந்தாள்.

கூரையும் அவளோடு இறங்கியது. ஒரு முனகல் கூட இல்லை. நாலு பக்கமும் ஒரே அளவாக வந்து, மஞ்சள் பூக்களை மடித்துக்கொண்டு அமர்ந்தது. வெளியே பற்றிக் "யேசுவே" என்றான். பிறகு சுற்றிவர ஓடி ஓடிக் கொளுவிகளை மாட்டினான். சந்தீப் இரண்டாக மடிந்து நின்றான். அற்புதம் எழுந்தாள். அவளுடைய தலைமயிர் கூரையில் பட்டும் படாமலும் இருந்தது. அவள் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

யூட்டைப் பின்னால் எடுத்து, காம்பரை அதன்மேல் இறக்கி, சந்தீப்பின் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். டெஸ்மன் கொஞ்சம் பிந்தித்தான் வந்தார். உயிரோடும் நேரத்துக்கு வந்த மனுசனில்லை. விறாந்தையில் வைத்துச் செபமாலை சொன்னார்கள். அற்புதம் தன் இடக்கையை அவருடைய கைகளின்மேல் வைத்திருந்தாள். குளிர்ந்திருந்தன. அவருடைய பெருவிரல் நுனியில் ஊசி குத்திய சின்னப் புள்ளி ஒன்று இருந்தது. அவளுடைய உள்ளங்கையில் பெல்ட்டின் வரி இன்னும் சிவந்து கிடந்தது.

புறப்படுகிற நேரம் பற்றிக் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, இப்ப கதைக்கிற கதையில்லை. பக்குரங்காக்காரன் திரும்பவும் ஃபோன் எடுத்துக் கேட்டவன். என்ன சொல்ல?"

அவள் கையை எடுக்கவில்லை.

"மேல பனல் இன்னும் பூட்டேல்லையெண்டு சொல்லு."

பின்வரிசையில் நின்ற சந்தீப் நிமிர்ந்து பார்த்தான். "சனிக்கிழமை பூட்டிடலாம், ஆன்ட்டி" என்றான்.

ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். பக்கத்துக்கு மூன்று பேராக வழியில் இறங்கினார்கள். எங்கேயாவது இடிக்கும் என்று பற்றிக் சுவர்ப்பக்கம் கையை விரித்துக்கொண்டு முன்னால் போனான். ஒன்றிலும் இடிக்கவில்லை. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது.