ரெண்டாவது அடி

எவாஞ்சலின் மேடம் மர ஸ்கேலை ஓங்கினால் அது மேசை மேல்தான் விழும், பிள்ளைகள் மேல் விழாது. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேருக்குப் படித்த பதில் மறந்துபோகும். நெய்வேலி நகரியத்திலிருந்து அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகளை விசா நேர்காணலுக்குத் தயார் செய்வதுதான் மேடத்தின் வேலை. அவர் குடியிருக்கிற குவார்ட்டர்ஸ் வீட்டு ஹாலில் ஒரு மேசை. அந்தப் பக்கம் விசா அதிகாரியாக மேடம் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் ஒரு பிள்ளை நிற்கும்.

“தலையைத் தூக்குடி! தரையிலயா இருக்கு அமெரிக்கா?”

அன்புக்கரசி தலையைத் தூக்கினாள். நிலவியல் படித்தவள். நிலக்கரி தோண்டி முடித்த மண்ணில் மறுபடி பயிர் விளைய வைப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்ய அங்கே ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு அவளைக் கூப்பிட்டிருந்தது. விசா ஒன்றுதான் பாக்கி.

“படிச்சு முடிச்சதும் திரும்பி வருவியா? யாருக்காக வருவே?”

இந்தக் கேள்வியில்தான் பலபேர் கவிழ்வார்கள். அன்புக்கரசி யோசிக்கவே இல்லை. “என் அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவருக்காகத் திரும்பி வருவேன்” என்று இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள்.

மேடம் ஸ்கேலைக் கீழே வைத்தார். “இதான் பதில். உண்மைங்கிறது கேட்டாலே தெரியுது பாரு. ஒரு எழுத்தைக்கூட மாத்தாத.”

பிறகு எல்லாருக்கும் பொதுவாக விரல்களைப் பற்றிச் சொன்னார். நேர்காணலுக்கு முதல் நாள் பத்து விரல் ரேகையையும் மெஷினில் எடுப்பார்கள். வெட்டு, சூட்டுக்காயம், மருதாணி எதுவும் விரலில் இருக்கக் கூடாது. ரேகை விழாமல் திருப்பி அனுப்பினால், அடுத்த தேதி கிடைப்பதற்குள் அங்கே வகுப்பே தொடங்கிவிடும். “காய்கூட நறுக்காதீங்க” என்றார் மேடம்.

அண்ணன் செங்குட்டுவனுக்கு முப்பத்திரண்டு வயது. கன்வேயர் பெல்ட் பிரிவில் கான்ட்ராக்ட் ஆள். பெர்மனென்ட் ஆகாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பார்த்த வரன் எல்லாம் அந்த ஒரே கேள்வியில் நின்றுபோயின. கடைசியில் குள்ளஞ்சாவடியில் எழில்மதி அமைந்தாள். இவனுக்கு அவளைப் பார்த்த நாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் விவரமானவர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம் என்றார்கள். எழில்மதி இங்கே வந்தால் அன்புக்கரசி அங்கே போக வேண்டும், எழில்மதியின் அண்ணன் நெடுமாறனுக்குப் பெண்டாட்டியாக. செங்குட்டுவன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, படுபாவி.

நிச்சயதார்த்தத்தன்று குள்ளஞ்சாவடி வீட்டில் பெண்கள் மருதாணிக் கோனோடு வந்து அன்புக்கரசியின் கையைப் பிடித்தார்கள். அவள் கையை இழுத்துக்கொண்டு சிரித்தபடி விசா மெஷினைப் பற்றிச் சொன்னாள், விரலில் ஒரு கீறல் இருந்தாலும் அமெரிக்கா போச்சு என்று. பெருமையாகத்தான் சொன்னாள். எழில்மதியின் அம்மா முகம் இருண்டுபோய், “அமெரிக்காவா? அப்ப என் பையன் பக்கத்துல யாரு ஒக்கார்றது?” என்றாள்.

அப்போதுதான் அன்புக்கரசிக்கு விஷயமே தெரிந்தது. அண்ணனைப் பார்த்தாள். அவன் குனிந்து வேட்டியை நீவிக்கொண்டிருந்தான்.

“நான் ஒக்கார மாட்டேன்” என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நெடுமாறன் எழுந்து வந்து, “எங்க வூட்டுக்குள்ள வந்து எங்களையே அசிங்கப்படுத்துறியா?” என்று அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டான். காதுக்குள் கொய்யென்றது. குறுக்கே பாய்ந்த செங்குட்டுவனைத் தாம்பாளத்தால் முகத்திலேயே அடித்தான். பூவும் பழமும் நாலாபக்கமும் சிதறின. கீழே விழுந்தவனை நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு மிதித்தார்கள். எழில்மதி அழுதுகொண்டு ஓடிவர, அவளை முடியைப் பிடித்து இழுத்துப்போய் அறைக்குள் தள்ளித் தாழ் போட்டார்கள். “ஒந்தங்கச்சியக் கூட்டிக்கினு வந்தா வா, இல்லன்னா இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்காதடா!” என்று வாசலில் நின்று கத்தினாள் அந்தம்மாள்.

வீடு திரும்புகிற பஸ்ஸில் செங்குட்டுவன் அவளை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தான். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டே வந்தது. எனக்காகத்தான் அடிபட்டான் என்றுதான் அன்புக்கரசிக்குத் தோன்றியது. அவன் கோபம் தணிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். என்ன இருந்தாலும் அண்ணன் இல்லையா?

சென்னைக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தின மாலை அவள் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். செங்குட்டுவன் உள்ளே வந்தான். குடித்திருக்கவில்லை. குடித்திருந்தாலாவது அதன்மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

“போன வருஷம் பெல்ட்ல என் கட்டவெரலு நசுங்கிச்சே, ஞாபகம் இருக்கா?” என்றான்.

இருந்தது. சுரங்க வாசலில் கட்டைவிரலை மெஷினில் வைத்தால்தான் அன்றைய வருகை. தோல் பிய்ந்த விரலை மெஷின் ஏற்கவில்லை. காயம் ஆறும்வரை அவனைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

“ரேக இல்லன்னா எவனும் உள்ள உடமாட்டான். அது எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தான். தோசையைத் தட்டிவிட்டு, காய்ந்த கல்லை நோக்கி அவள் கையை அழுத்தினான்.

“அண்ணா! அண்ணா, வேணாம்ணா! அம்மா!”

அம்மா சாமியம்மாள் கூடத்தில்தான் இருந்தாள். மகளின் அலறலைக் கேட்டு எழுந்தாள், நேராகப் போனாள், தெருக்கதவைச் சாத்தினாள். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாதாம். பெற்ற வயிறாம்!

அன்புக்கரசி விரல்களை உள்ளுக்கு மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டாள். அவன் மணிக்கட்டை முறுக்கினான். முஷ்டியின் ஓரம் கல்லில் பட்டுச் சுர்ரென்றது. தன் சதை கருகுகிற வாடை அவளுக்கே வந்தது. “விரிடி! கைய விரி!” என்று இடுப்பில் முழங்காலால் இடித்தான். அவன் தோளைக் கடித்தாள், பல் பதியக் கடித்தும் பிடி விடவில்லை. இடது கையால் மேடையைத் துழாவினாள். சட்னி அரைத்து வைத்த குழவி அகப்பட்டது.

முதல் அடி அவன் முழங்கைக்குக் கீழே விழுந்தது. பிடி விட்டது. அவன் அம்மா என்று கத்திக்கொண்டு நிலை தடுமாறி, வலது கையை மேடைமேல் ஊன்றினான்.

அவள் ஓடியிருக்கலாம். பின்கதவு திறந்துதான் கிடந்தது. ஓடவில்லை. மேடைமேல் விரிந்து கிடந்த அந்தக் கையைப் பார்த்தாள், கட்டைவிரலைப் பார்த்தாள். குழவியை இரண்டு கையாலும் தூக்கி அந்த விரல்மேலேயே போட்டாள்.

அவன் போட்ட அலறலுக்குச் சாத்திய கதவு உதவவில்லை. தெருவே திரண்டு வந்தது. செங்குட்டுவன் தரையில் புரண்டுகொண்டிருந்தான். கட்டைவிரல் இருந்த இடத்தில் ரத்தமும் சதையுமாக என்னவோ தொங்கியது. துண்டைச் சுற்றி அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அன்புக்கரசியை வாசலில் வைத்து அம்மா பிடித்துக்கொண்டாள். சாமியம்மாள் கத்தவில்லை, அடிக்கவில்லை.

“மொத அடி சரி. கைய உட்டுட்டான் இல்ல? ரெண்டாவது அடி எதுக்குடி?”

அன்புக்கரசி அம்மாவின் கையை உதறிவிட்டு மேடத்தின் குவார்ட்டர்ஸ்வரை அழுதுகொண்டே ஓடினாள்.

மேடம் காயத்துக்கு மருந்து போட்டு, மறுநாள் அவரே சென்னைக்குக் கூட்டிப்போனார். ரேகை எடுக்கிற இடத்தில் இடது கை ஒரே தடவையில் விழுந்தது. வலது கையை வைத்தபோது மெஷின் சிவப்பு காட்டியது. உள்ளங்கை ஓரத்துக் கொப்புளம் கண்ணாடியில் பட்டு உயிர் போனது. நகத்துக்குள் இன்னும் அண்ணனின் ரத்தம் கறுப்பாக இருந்தது. ரேகை எடுக்கிற பெண் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தச் சொன்னாள். அன்புக்கரசி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். பச்சை வந்தது. கடைசியில் கட்டைவிரல்கள். இரண்டையும் சேர்த்து வைக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை, நேர்காணலுக்குக் கிளம்புகிற நேரத்தில், அம்மா போன் செய்தாள்.

“வெரலு தேறாதுன்னு எடுத்துட்டாங்கடி. கான்ட்ராக்டரு வேற ஆளப் போட்டுக்கினான். நீ எங்க வேணா போ. இந்த வூட்டு வாசப்படிய மட்டும் மிதிக்காத.”

அவள் அதை மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே உடைந்துவிடுவோம் என்ற பயம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்கார அதிகாரி படிப்பைப் பற்றி ரெண்டு கேள்வி கேட்டார். கையில் போட்டிருந்த காயக்கட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்றார். சமையலில் சுட்டுக்கொண்டேன் என்றாள். அடுத்ததாக அந்தக் கேள்வி வந்தது. படிப்பு முடிந்ததும் திரும்பி வருவீர்களா, யாருக்காக?

அன்புக்கரசி தலையைத் தூக்கி அவர் கண்ணைப் பார்த்தாள். குரல் பிசிறவே இல்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

வெளியே நடைபாதை மரத்தடியில் மேடம் ஜெபமாலையும் கையுமாக நின்றிருந்தார். இவள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், “என்னடி, இல்லைன்னுட்டானா?” என்றார்.

“குடுத்துட்டாங்க மேடம்.”

“ஸ்தோத்திரம்! அப்புறம் ஏன்டி அழுவுற? அண்ணனைப் பத்திக் கேட்டாங்களா? என்ன சொன்னே?”

“நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே சொன்னேன்” என்றாள் அன்புக்கரசி. “ஒரு எழுத்தைக்கூட மாத்தல மேடம்.”