பாசி எடுத்த சுனை

மேலூருக்குப் பக்கத்துக் குன்றின் உச்சியில் இருக்கிற சுனையைப் பார்த்ததும் பாண்டிமீனா அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் அடிப்பாறை தெரியத் துலங்கிக் கிடந்தது. கரையில் மடையான் கொக்குகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, அவசரமே இல்லாமல் தலைப்பிரட்டைகளைக் கொத்தி விழுங்கிக்கொண்டிருந்தன.

குன்றைக் கல்குவாரிக்குக் கேட்கிறார்கள். ஊர் மனுக் கொடுத்துச் சலித்துவிட்டது. இந்தச் சுனையில் இருக்கிற தவளை வேறெங்கும் இல்லை என்று அவள் படிக்கிற கல்லூரியிலிருந்து சொன்ன பிறகுதான், நேரில் பார்த்து முடிவு சொல்ல இன்று ஒரு குழு வருகிறது. பெரிய தவளைகள் மழை விட்டதும் பாறை இடுக்கில் மறைந்துவிடும். காட்டுவதற்கு இருந்தது இந்தத் தலைப்பிரட்டைக் குஞ்சுகள்தான்.

அவளுடைய அப்பா கருப்பு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிம்மா இருக்கு? நேத்து ஊரே கூடி எடுத்தோம். அம்புட்டுப் பாசி, அம்புட்டு அல்லிக்கொடி."

"யாருப்பா எடுக்கச் சொன்னா?"

"பெரிய ஆளுக வாராகன்னு நீதானம்மா போன்ல சொன்ன. சாமி கும்பிடுக்கு எடுக்கிறதுதான? அழுக்கோட காட்டுனா ஊருக்கு அசிங்கமில்லையா?"

சாமி கும்பிடு கோடையில் வரும். அப்போது சுனையில் குஞ்சு இருக்காது. இதைப் போனில் சொல்ல அவளுக்குத்தான் தோன்றவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவிவிடுகிற ஜனங்களை என்ன சொல்ல?

"குஞ்சுக பாசிக்குள்ளதான்ப்பா ஒளிஞ்சு கெடக்கும்" என்றாள். கையை நீட்டி மடையான்களைக் காட்டினாள்.

கருப்புக்குப் புரிந்த வேகத்தில் வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கித் துண்டை வீசினார். மடையான்கள் எழும்பி எதிர்க்கரையில் போய் உட்கார்ந்தன. அங்கே ஓடினால் இங்கே வந்தன. அவர் விட்டுவிட்டு, பாறைக்குப் பின்னால் கொட்டிய பாசியை அள்ளிவந்து மிதக்கவிட்டார். ஒரு வெயிலிலேயே காய்ந்து போயிருந்தது, கைபட்டதும் நொறுங்கியது. பாண்டிமீனா முழங்கால் தண்ணீரில் குனிந்து இடுக்கு இடுக்காகத் துழாவினாள். ஒன்றுகூட இல்லை.

"கீழ கம்மாயில புடிச்சாந்து விட்டா என்னம்மா?"

"அது வேற தவளப்பா."

அதற்குள் குழு வந்துவிட்டது. கூடவே ஊரும் வந்தது. குழுவின் தலைவர் சுனையை இரண்டு தரம் சுற்றிவந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பாவம், நல்ல மனிதர். ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்திருக்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். இவ்வளவு சுத்தமா ஒரு சுனையை நான் எங்கயும் பார்த்ததில்லை. யார் பண்ணினது?"

ஊர்க்காரர்கள் பெருமையோடு கருப்பை முன்னால் தள்ளினார்கள். அவர் ஈரத்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு மகளைப் பார்த்தார்.