சிவப்பில் நூற்று எண்பத்து மூன்று

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தொங்குகிறது. பக்கத்திலேயே நூலில் கட்டிய இரண்டு பேனா. நான் வயோமிங்கில் கழித்த நாளுக்கு நீலம், நியூயார்க்கில் கழித்த நாளுக்குச் சிவப்பு. காலையில் காபி போடுவதற்கு முன்னால் வாரன் ஒரு கட்டத்தை நிரப்பிவிடுவான். பல் தேய்க்க மறந்தாலும் இதை மறக்க மாட்டான். நாற்பத்தொரு வருஷமாக என் கணவன். ஒரு கல்யாண நாளைக்கூட இவ்வளவு ஒழுங்காக நினைவில் வைத்ததில்லை.

விஷயம் இதுதான். வயோமிங்கில் மாநில வருமான வரி கிடையாது. நியூயார்க்கில் உண்டு, தோலை உரித்துத்தான் விடுவார்கள். நாங்கள் இங்கே குடிவந்துவிட்டோம். ஆனால் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் அப்பா விட்டுப்போன வீட்டின் மேல்மாடி இன்னும் என் பேரில் இருக்கிறது. அப்படி ஒரு வீட்டை வைத்துக்கொண்டு வருஷத்தில் நூற்று எண்பத்து மூன்று நாளுக்கு மேல் ஒரே ஒரு நாள் அங்கே இருந்தாலும் நான் நியூயார்க்குக்காரி. அந்த வருஷத்து வருமானம் மொத்தத்துக்கும் வரி கட்ட வேண்டும். பத்து நிமிஷம் கால் வைத்தாலும் அது ஒரு முழு நாள்.

அந்த வீட்டின் கீழ்மாடியில் என் அக்கா பிலோமினா இருந்தாள்.

வாரனைத் திட்டுவதற்கு முன்னால் அவன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவன். வாழ்க்கையில் பாதி, ஒரு கட்டடத்தின் அடிக்குழியில் நின்று, தலைக்கு மேல் தொங்கும் இரும்புப் பெட்டியை அண்ணாந்து பார்ப்பதிலேயே போயிற்று. கம்பெனியை விற்றோம். பாதி என் பேரில்தான் இருந்தது. பணம் ஐந்து வருஷத் தவணையில் வருவதாகப் பேச்சு. "லீனா, தலைக்கு மேல எதுவுமே இல்லாத இடத்துல நான் சாகணும்" என்றான். வயோமிங்கில் ரோலின்ஸ் ஊருக்கு வடக்கே இந்த நிலத்தைப் பார்க்க வந்த அன்று தொப்பியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இங்கே வந்த ஆறு மாதத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரை பாதியாகக் குறைந்தது. அதை நான் எப்படிக் குறை சொல்வேன்?

எனக்கும் சிலது பிடித்திருந்தது. வேலி ஓரம் மான் கூட்டம் வந்து நிற்கும். எதிரே வண்டி ஓட்டி வருகிறவர், யாரென்றே தெரியாவிட்டாலும், ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார். பனி விழுந்த மறுநாள் பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் தன் டிராக்டரில் வந்து எங்கள் பாதையில் கிடக்கும் பனியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார். ஆப்பிள் பை கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஆனால் குப்பையை நாமே இருபது மைல் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் அழுகின முட்டை நாற்றம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் மற்ற நேரத்தில் மாடு அறுக்கிறவர், கூப்பிட்டால் கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். இதய டாக்டர் நூற்றைம்பது மைல் தள்ளி. அரசாங்கம் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. நாமும் அதனிடம் ஒன்றும் கேட்கக்கூடாது.

நாள் கணக்கு மட்டும் போதாது என்று எங்கள் ஆடிட்டர் சொல்லியிருந்தார். வரி அதிகாரிகள் விடாக்கண்டர்கள். உங்களுக்குப் பிரியமான சாமான்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்று பார்ப்பார்கள், எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுங்கள் என்றார். கொண்டுபோனோம். நாய் பெப்பே, கல்யாண ஆல்பம், அம்மாவின் தையல் மெஷின். கடைசியாக அம்மாவின் பெரிய பானையை நான் லாரியில் ஏற்றும்போது பிலோமினா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் தக்காளிக் குழம்பு கொதிக்கிற பானை அது.

"பானையையுமா?"

"அது சாட்சி, பிலோ. ஆடிட்டர் சொன்னாரு."

"அப்போ என்னையும் மூட்டை கட்டு. இல்ல, பிரியமான சாமான்ல நான் சேர்த்தி இல்லையா?"

"வாயேன். உனக்குன்னு ஒரு ரூமே இருக்கு."

"அங்க எத்தனை ரொட்டிக்கடை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுக்குடி மனுஷன் அங்க போறான்? வரி கட்டாம பட்டினி கிடக்கவா?"

எங்கள் வீட்டில் இரண்டு மாடிக்கும் ஒரே வெந்நீர்க் குழாய். அடுப்படிச் சுவரோடு மேலே ஏறும். காலை ஆறரைக்கு பிலோமினா கீழிருந்து அதைக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். காபி தயார் என்று அர்த்தம். மூன்று தட்டினால் ஊர்வம்பு இருக்கிறது, ஓடி வா என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அந்தச் சத்தத்தில்தான் என் பொழுது விடிந்தது. அங்கே ஆறரை என்றால் இங்கே நாலரை. வயோமிங்கில் எனக்கு நாலரைக்குத் தானாக முழிப்பு வந்துவிடும். காற்று சுவரை மோதிக்கொண்டிருக்கும். எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் படுத்திருப்பேன். தெரியாமல் என்ன, நன்றாகத் தெரியும்.

அதனால் அனுமதித்த நாள்களில் ஒன்றைக்கூட நான் விட்டுவைப்பதில்லை. வசந்தத்தில் இரண்டு மாதம், கோடையில் ஒரு மாதம், பிறகு மரம் இலை உதிர்க்கத் தொடங்கியதும் மூன்று மாதம். ஒருமுறை விமானம் இரவு பதினொன்று ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. பத்து நிமிஷத்துக்காக ஒரு நாள் போயிற்றே என்று நான் புலம்ப, "பைலட்டுகிட்ட சொல்லி இன்னும் ரெண்டு சுத்து சுத்தச் சொல்லியிருக்கலாம்ல, கஞ்சப்பிசினாரி" என்றாள் பிலோமினா.

கிடைத்த நாள்களையாவது உருப்படியாகச் செலவழித்தேனா? பல் டாக்டரிடம் இரண்டு நாள். செருப்புத் தள்ளுபடி விற்பனையில் ஒரு நாள். ஜூன் மாதம் அந்தப் பானைப் பேச்சு மறுபடி வந்து வாய் தடித்து, மேலே ஒருத்தி கீழே ஒருத்தியாக மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று சிவப்பு நாள். குழாயும் தட்டவில்லை. இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

போன டிசம்பர் பதினொன்றோடு என் கணக்கு சரியாக நூற்று எண்பத்து மூன்றைத் தொட்டது. கிளம்பும்போதே அவளுக்கு இருமல். இருபத்து மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள்.

"நெஞ்சுல சளியாம். நாலு நாள் வச்சுக்கறேன்னு சொல்றாங்க. சாப்பாட்டைப் பார்த்தா நாலு நாள்கூடத் தாங்க மாட்டேன்."

"நான் வரேன்."

"எதுக்கு? ஒரு இருமலுக்கு ஒரு வருஷ வரியையா தொலைப்ப? ஒண்ணாம் தேதி வா. அன்னிக்குப் புது வருஷம், புதுக் கணக்கு. நூத்தி எண்பத்து மூணும் பத்திரமா இருக்கும்."

"நிஜமாவே ஒண்ணும் இல்லையே?"

"வரும்போது பானையைக் கொண்டா. அது போதும்."

நான் சிரித்தேன். ஒன்றாம் தேதி மத்தியான விமானத்துக்கு டிக்கெட் போட்டேன். வாரன் சொல்லிப் போடவில்லை, நானேதான் போட்டேன். இதை யார் தலையிலும் நான் கட்ட முடியாது.

இருபத்தொன்பதாம் தேதி அவள் குரல் வரவில்லை, மூச்சுதான் வந்தது. "ஒண்ணாம் தேதி எப்போ?" என்று கேட்டாள். நாளை மறுநாளைக்கு மறுநாள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. முப்பதாம் தேதி காலை நர்ஸ் கூப்பிட்டு, "நீங்க வரதா இருந்தா இப்பவே வாங்க" என்றாள்.

நான் பெட்டிகூட எடுக்கவில்லை. கோட்டை மாட்டினேன், பானையை எடுத்துக்கொண்டேன். வாரன் ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"லீனா, இன்னும் ரெண்டே நாள்தான்..."

"அந்தக் காலண்டரைக் கொண்டுபோய் அடுப்புல போடு."

அவன் தொப்பியை மாட்டினான். சாவியை எடுத்தான். விடியற்காலையிலிருந்து பனிப்புயல். டெல்பர்ட்டுக்கு அவன்தான் போன் பண்ணியிருக்கிறான். டிராக்டர் முன்னால் பாதை போட, நாங்கள் பின்னால் போனோம். நாற்பது மைலுக்கு மூன்று மணி நேரம். ரோலின்ஸில் நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் கேட்டை இறக்கியிருந்தார்கள். குளிர்காலத்தில் இது எங்களுக்குப் பழகினதுதான். காற்று அடித்தால் கேட் இறங்கும், லாரிகள் வரிசை கட்டும், எல்லாரும் கடையில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். நான் இறங்கிப்போய்க் காவல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என் அக்கா சாகக் கிடக்கா. டென்வர் போய் பிளேன் பிடிக்கணும்."

"அம்மா, அறுபது மைலுக்குக் கண்ணே தெரியல. உங்களை விட்டா நாளைக்கு உங்களைத் தோண்டி எடுக்க நாலு பேரை அனுப்பணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கேட்டுக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். மடியில் பானை. மத்தியானம் இரண்டு பத்துக்கு நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். நான் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, போனைப் பானைக்குள் வைத்தேன். அவன் இன்ஜினை அணைத்தான்.

சாலை ஒன்றாம் தேதிதான் திறந்தது. முதலில் போட்டு வைத்த அதே டிக்கெட்டில் போனேன். மூன்றாம் தேதி அடக்கம். நாலாம் தேதி காலை ஆறரைக்கு மேல்மாடி அடுப்படியில் நின்று குழாயை நானே கரண்டியால் இரண்டு தட்டு தட்டினேன். சத்தம் கீழே போனது. அன்றைக்கே வயோமிங்குக்குத் திரும்பிவிட்டேன்.

மே மாதம் வரி அலுவலகத்திலிருந்து விசாரணை வந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெண் அதிகாரி. கண்ணாடி போட்டவர், மரியாதையாகப் பேசினார். நாய் எங்கே? இங்கே. ஆல்பம்? இங்கே. வாக்காளர் அட்டை, டாக்டர், தேவாலயம்? எல்லாம் இங்கே. வாரன் போன வருஷத்துக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

"பிராங்ஸ் வீட்டை யார் பார்த்துக்கறாங்க மேடம்?"

"எங்க அக்கா. டிசம்பர் முப்பதாம் தேதி தவறிட்டா. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தா."

"ரொம்ப வருத்தமா இருக்கு." உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு பேனாவை எடுத்தார். "அந்த வாரம் நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

எழுதிக்கொண்டார். அந்தப் பேனா ஓடுவதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"இதையும் எழுதிக்கங்க. முப்பதாம் தேதி நான் கிளம்பிட்டேன். அக்கா வீட்டுக்கு இல்ல, என் வீட்டுக்கு. அதுதான் என் வீடு. சாமானையெல்லாம் இங்க தூக்கிட்டு வந்தது உங்களுக்குக் காட்டத்தான்."

வாரன் என்னைத் தடுப்பான் என்று நினைத்தேன். அவன் காலண்டரைத் தூக்கித் திரைக்கு நேராகப் பிடித்தான். டிசம்பர் முப்பது சிவப்பாக இருந்தது. எப்போது போட்டானோ, எனக்குத் தெரியாது.

"அன்னிக்கு அவ அங்கதான் இருந்தா" என்றான். "நூத்தி எண்பத்து நாலு. கட்டச் சொல்லுங்க, கட்டறோம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், அன்னிக்கு இவங்க நியூயார்க் எல்லைக்குள்ள வந்தாங்களா?"

"கேட் வரைக்கும் போனோம்."

"அப்போ அதை நாளா எழுத எனக்கு அதிகாரம் இல்ல சார்."

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஜெயித்துவிட்டோம். வாரன் வாசலில் நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, இரண்டாவது பக்கத்தில் பாதி வரியில் நிறுத்திவிட்டான். வாங்கி நான் படித்தேன். "சகோதரியின் கடைசி நாள்களில்கூட இவர் வயோமிங்கிலேயே தங்கியிருந்தார் என்பதே இவரது வீடு வயோமிங் என்பதற்கு ஆதாரம்." அன்று நான் கொதித்துப்போய்ச் சொன்னதில் ஒரு வார்த்தையும் அதில் இல்லை. பானை, ஆல்பம், நாய் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நான் போகாததே போதுமானதாக இருந்திருக்கிறது.

இப்போது ஜூன். புதுக் காலண்டரில் சிவப்பு நாலே நாலு கட்டம். மற்றதெல்லாம் நீலம். நேற்றுக் காலையில் வாரன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். வெளியே வானம் அவனுக்குப் பிடித்த மாதிரி ஒரு துணுக்கு மேகம் இல்லாமல் கிடந்தது. நான் பானையைத் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"லீனா, இன்னும் நூத்தி எழுபத்தொன்பது நாள் அப்படியே இருக்கு" என்றான். "எப்ப வேணும்னாலும் போ. நான் கேக்கவே மாட்டேன்."

"யார்கிட்ட போகச் சொல்ற?" என்றேன்.