கோரல் பார்த்த வெள்ளைக் குட்டி

கோரல் கிரிம்வேட் என் பாம்புக் கொட்டகைக்கு முதல்முறை வந்தபோது, அவளுடைய கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். ராக்ஹாம்ப்டன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் என் கேட்டில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்துவிட்டு, கணவர் நெவிலிடம் காரை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். என்னிடமிருந்த வெள்ளை மலைப்பாம்பை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இவ்ளோ ஆசையா இருந்தா ஒரு குட்டி எடுத்துட்டுப் போயேன்" என்றேன்.

"வேண்டாம் டெஸ்லி. இது எங்க வீட்ல பொறக்கணும். கடை கேக்கும் வீட்ல சுட்ட கேக்கும் ஒண்ணா?"

அதனால் சாதாரணப் பழுப்புக் குட்டிகளில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் கொடுத்தேன். வெள்ளை நிறத்தைப் பள்ளிப் பாடத்தில் ஒடுங்கு பண்பு என்பார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் உள்ளேயே ஒளிந்திருக்கும். நான் கொடுத்த இரண்டுக்குமே ஒரு பெற்றோர் வெள்ளை. ஆகவே இரண்டும் வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளையைச் சுமப்பவை. அப்படித்தான் நம்பிக் கொடுத்தேன். ஒரு கவரின் பின்புறம் நான்கு கட்டம் போட்டு, மூன்றுக்கு மை தீட்டி, ஒன்றை மட்டும் வெள்ளையாக விட்டு நெவிலிடம் காட்டினேன்.

"அப்போ நாலு முட்டைக்கு ஒண்ணு வெள்ளை" என்றார் அவர்.

"அப்படி இல்ல நெவ். ஒவ்வொரு முட்டைக்கும் தனியா சீட்டு குலுக்குற மாதிரி. முதல் முட்டைக்கு என்ன விழுந்துச்சுன்னு ரெண்டாவது முட்டைக்குத் தெரியாது."

"அதத்தான நானும் சொல்றேன். நாலுல ஒண்ணு."

கோரல் சிரித்தாள். "முப்பது வருஷம் ரயில் ஓட்டின மனுஷன் டெஸ். தண்டவாளம் போற பக்கம்தான் புத்தியும் போகும்."

அந்தக் குட்டிகள் வளர நான்கு வருடம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் என் வீட்டுக்கு டீ குடிக்க வருவார்கள். கடைசி வருடம் கோரல் காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, கோப்பையை உள்ளேயே வாங்கிக்கொள்வாள்.

அக்டோபரில் பெண் பாம்பு பதினொரு முட்டை இட்டது. ஏழு கெட்டவை, தேறியது நான்குதான். நெவிலிடம் இன்குபேட்டர் கிடையாது, என்னுடையதில் கொண்டுவந்து வைத்தார். "நாலு இருக்கு டெஸ். கோரல்கிட்ட சொல்லிட்டேன், ஒண்ணு நிச்சயம்னு."

நான் திருத்தவில்லை. எத்தனை முறை திருத்துவது? ஆனால் கணக்கு எனக்குத் தெரியும். நான்கு முட்டையில் ஒன்றுகூட வெள்ளையாக வராமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதே இன்குபேட்டரில், பக்கத்துப் பெட்டியில், என் வெள்ளை ஜோடியின் முட்டைகள் இருந்தன. அவற்றில் வெள்ளையைத் தவிர வேறெதுவும் பொரியாது. வெளியிலிருந்து பார்த்தால் முட்டைகளுக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஒரு மத்தியானம் ஒன்றை மாற்றி வைத்தேன். அவர்களுடையது என் பெட்டிக்கு, என்னுடையது அவர்கள் பெட்டிக்கு. நல்லது செய்கிறோம் என்ற நினைப்புதான்.

டிசம்பர் முதல் வாரம் பொரிந்தது. மூன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. நான் மாற்றி வைத்த அவர்களுடைய முட்டையிலும் பழுப்புக் குட்டிதான் வந்தது. அதிர்ஷ்டம் இல்லை, நல்லவேளை மாற்றினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைக் குட்டியைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். கோரல் அதை விரல்களில் சுற்றவிட்டு, அதன் சிவப்புக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெரிங் என்று பெயர் வைத்தாள், முட்டை வெள்ளையில் அவள் சுடும் இனிப்பின் பெயர். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இதுக்குத்தான் டெஸ் பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து டயாலிசிஸ் மெஷினுக்குப் போகப்போறதில்ல. போதும்."

நெவில் அவளுடைய பாதத்தைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது; எனக்குத்தான் தெரியாது. டயாலிசிஸை நிறுத்திய ஒன்பதாம் நாள் கோரல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் நெவில் ஞாயிறுதோறும் வந்தார். நூலகத்திலிருந்து மரபணுப் புத்தகங்களாக எடுத்து வந்து படித்தார். "இப்பதான் புரியுது டெஸ், நீ சொன்ன சீட்டுக் கதை. அஞ்சு வருஷம் தப்பாவே பேசியிருக்கேன், நீயும் கேட்டுட்டு இருந்திருக்க" என்று சிரித்தார். மெரிங்குக்கு மூன்று வயது ஆனதும் அதைத் தாயோடு சேர்த்தார். மெரிங் ஆண். தகப்பன் முழு வெள்ளை, தாய் பாதி சுமப்பவள். குட்டிகளில் பாதிக்குப் பாதி வெள்ளையாக வரவேண்டும். பன்னிரண்டு முட்டைகள். இந்தமுறை இன்குபேட்டரைச் சொந்தமாகவே வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டும் பழுப்பு.

அடுத்த நாள் காலை என் சமையலறை மேசையில் ஒரு காகிதத்தை வைத்தார். சுத்தமாக நான்கு கட்டம் போட்டிருந்தார், பள்ளிப் பையனைப் போல.

"பன்னெண்டு தடவை காசு சுண்டி பன்னெண்டும் பூவே விழணும். நாலாயிரத்துல ஒரு தடவை நடக்கும். நடக்கலாம், இல்லேங்கல. ஆனா இன்னொரு வழியும் இருக்கு, டெஸ். தாய்க்கிட்ட வெள்ளையே இல்ல. அப்படின்னா மெரிங் அவ பெத்ததில்ல."

குட்டிகளைக் கொடுத்த வருடம் பெட்டிகளில் ஒட்டிய பெயர்ச் சீட்டுகளைத் தேடி எடுத்து, என் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். பெட்டிகளைக் கழுவிய நாளில் இரண்டு சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறேன். அவருக்குக் கொடுத்த பெண் குட்டி, வெள்ளையே கலக்காத வேறு ஜோடியுடையது. அவர்கள் வீட்டில் வெள்ளை பிறக்க வழியே இருந்ததில்லை, நான்கு முட்டையிலும் சரி, நானூறிலும் சரி. அதைச் சொன்னேன். முட்டையை மாற்றியதையும் சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வெள்ளையப் பார்த்துட்டு டயாலிசிஸ நிறுத்துறேன்னு கோரல் சொல்லியிருந்தா. வரலேன்னா அடுத்த வருஷமும் பாக்கலாம்னு நான் கெஞ்சி ஒத்துக்க வச்சிருந்தேன். சரின்னுட்டா, டெஸ். அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கேன்னுட்டா."

"எனக்குத் தெரியாது, நெவ். கோரல் எங்கிட்ட சொல்லவே இல்ல."

"தெரியாதுதான்."

நான் ஊற்றிய டீ அப்படியே ஆறியது. காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எங்களோட நாலாவது முட்டை என்னாச்சு?" என்று கேட்டார்.

"சாதாரணக் குட்டி. எமரால்டு ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். உயிரோடதான் இருக்கு."

பள்ளியின் பெயரைக் கேட்டுக் காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டு எழுந்து போனார்.

அந்த வாரமே பள்ளி ஆசிரியை போன் செய்தாள். வயதான ஒருவர் இருநூற்றெழுபது கிலோமீட்டர் கார் ஓட்டி வந்து, பாம்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு மதிய இடைவேளை முழுக்க உட்கார்ந்திருந்தாராம். கொண்டுபோகிறீர்களா என்று கேட்டதற்கு, பிள்ளைகளுக்குப் பழகிவிட்டதே, இருக்கட்டும் என்றாராம். உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டாள். தெரிந்தவர்தான் என்றேன்.

மெரிங்கை அவர் திருப்பித் தரவில்லை. வாராவாரம் எலி வாங்கிப் போவதாகக் கடைக்காரன் சொல்கிறான். என் வீட்டுப் பக்கம் அதன்பிறகு அவர் வரவேயில்லை.