ஆரோக்கியசெல்வியைக் கேட்ட குரல்

காப்பீடு விற்பவர்களிடம் ஒரு தடவை விலை கேட்டால் போதும், அப்புறம் அவர்களே வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். இணையத்தில் நாலு கம்பெனியின் விலையைப் பார்த்த பாவத்துக்கு ஜெசிந்தாவின் செல்போன் ஒரு வாரமாக ஓயவில்லை. அதனால் அந்த அழைப்பையும் பத்தோடு பதினொன்றாகத்தான் எடுத்தாள். எண் எதுவும் திரையில் வரவில்லை.

"ஆரோக்கியசெல்விங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"இல்லைங்க. ராங் நம்பர்."

"பாலிசி விஷயமா பேசறேம்மா. ஆரோக்கியசெல்வி பக்கத்துல இருக்காங்களா?"

"அப்படி யாரும் இங்க இல்லைங்க."

"சரிம்மா. அப்புறம் கேக்கறேன்."

அவசரமே இல்லாத குரல். விற்க வந்தவள் மாதிரி இல்லை. பின்னால் சக்கரம் வைத்த எதையோ யாரோ மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் போட வேண்டும் போல.

அப்போது அவள் திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், கோதண்டபாணியின் கடையில் இருந்தாள். கோதண்டபாணி இருபது வருஷமாக இருசக்கர வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டு வருகிறவர். வெளிநாடு போகிறவர்களுக்கான பாலிசியெல்லாம் அவருக்கு எப்போதாவது வருவது. வந்தால் விடமாட்டார்.

"ஜார்ஜியான்னா அமெரிக்காவா?" என்றார்.

"இல்லண்ணே. ரஷ்யாவுக்குக் கீழ, தனி நாடு."

"அங்க போயி இன்னா வேல?"

"இங்க பண்ற அதே வேலதான். லேப்டாப்ல."

"அத இங்கயே பண்ணிக்கினு இருக்கலாமே."

இந்தக் கேள்விக்கு ஜெசிந்தா தெருவில் எல்லோருக்கும் பதில் சொல்லி அலுத்திருந்தாள். நாலு வருஷமாக ஒரு டச்சுக் கம்பெனிக்கு வரும் புகார்க் கடிதங்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதுகிறாள். முப்பத்து மூன்று வயதில் அவள் பார்த்த தூரம் என்று சொன்னால் வேளாங்கண்ணியும் சென்னையும்தான். கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள் ஜார்ஜியாவில் வீடு எடுத்து, ஒரு அறை காலி என்றார்கள். ஒரு வருஷம். கம்பெனி சரி என்றது. ஒரே நிபந்தனை, அந்த வருஷம் முழுக்கச் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடு வேண்டும். பாலிசித் தாள் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அனுமதி ரத்து. அன்று புதன்.

"இத பாரு," என்று கோதண்டபாணி இரண்டு தாள்களை விரித்தார். "இது டிராவல். நூத்தி எம்பது நாளு. கால ஒடச்சிக்கினா ஆஸ்பத்திரி செலவு தருவான். சளி ஜொரம்னு டாக்டராண்ட போனா தரமாட்டான். ஏழாவது மாசம் நீ அம்போ. இது ஹெல்த்து. முழு வருஷம். ஆஸ்பத்திரில படுக்கலன்னாலும் மருந்துக்குத் தருவான். ஆனா நடுவுல லீவுக்கு ஊருக்கு வந்தீன்னா முப்பது நாளு தாண்டக் கூடாது."

"மொதல்ல நம்ம கையில இருந்து எவ்ளோ போடணும்ணே?"

"அதுவும் இருக்குது. எல்லாத்துக்கும் ஒரு வாலு வச்சிருப்பான்."

அவளே ஒப்பிட்டுப் பார்த்து வைத்திருந்த பட்டியலோடு அது ஒத்துப்போனது. இரண்டிலும் பொதுவாக ஒரு வரி இருந்தது. இறந்தவரின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவரும் செலவு. கோதண்டபாணி அந்த வரியை விரலால் மூடிக்கொண்டு, "அத உடு," என்றார்.

ஜெசிந்தா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். மறுநாள் விழுப்புரத்தில் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை. அது முடிந்ததும் இணையத்தில் அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பத் தொடங்கினாள். அதில் ஒன்பதாவது கேள்வி, இதற்கு முன் வேறு பெயர் ஏதாவது உண்டா என்பது. அடியில் தடித்த எழுத்தில், உண்மையை மறைத்தால் பாலிசி செல்லாது என்று போட்டிருந்தது.

"எதையும் மறைக்காதம்மா. கட்டும்போது ஒண்ணும் கேக்கமாட்டான். குடுக்கும்போது பாட்டன் காலத்துல இருந்து கெளறுவான்," என்றார் கோதண்டபாணி.

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? ஜெசிந்தா ஒன்பதாவது கேள்விக்கு இல்லை என்று குறித்து, சேமித்து வைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு விழுப்புரம் பரிசோதனை மையத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பசியில் இருந்ததால் யாரும் யாரோடும் பேசவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு, இதயப் பரிசோதனைக்கு அழைக்கும்வரை ஜெசிந்தா சுவரோரம் காத்திருந்தாள்.

"ஆரோக்கியசெல்வி."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

எழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தன் பெயர் இல்லையே, ஏன் எழுந்தோம் என்று கூச்சத்தோடு சுற்றிப் பார்த்தாள். வேறு யாரும் எழவில்லை. யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. மேசையில் இருந்த பெண்ணிடம் போய், "இப்ப யாரைக் கூப்ட்டீங்க?" என்றாள்.

"யாரையும் கூப்பிடலியே மேடம். உள்ள இன்னும் டாக்டரே வரல."

"ஆரோக்கியசெல்வின்னு..."

அந்தப் பெண் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். பதினைந்து பெயர்கள். அந்தப் பெயர் இல்லை. மூடியிருந்த கதவுக்குப் பின்னால் எண்ணெய் போடாத சக்கரம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே தூரமாகப் போனது. ஜெசிந்தா திரும்பி வந்து உட்கார்ந்தாள். பசியில் காதில் ஏதோ விழுகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

டாக்டர் வந்து பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றார். துடிப்புதான் கொஞ்சம் வேகம், பயந்தீர்களா என்று சிரித்தார். நல்ல செய்தியை வாங்கிக்கொண்டு சந்தோஷமில்லாமல் திண்டிவனம் பஸ் ஏறினாள்.

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி நிறுத்தத்தில் பஸ் நின்றபோது செல்போன் அடித்தது. எண் இல்லை.

"ஆரோக்கியசெல்வி வந்துட்டாங்களாம்மா?"

"யாருங்க நீங்க? எந்தக் கம்பெனி?"

"காலைல எழுந்து நின்னாங்களே."

நடத்துநர் விசில் ஊதினார், பஸ் நகர்ந்தது. உச்சி வெயில், ஜன்னலுக்கு வெளியே கரும்பு லாரிகள் வரிசையாக நின்றன. இவ்வளவு வெளிச்சத்தில் பயப்படுவதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பொறந்த தேதி மட்டும் சரிபார்க்கணும்மா. அப்புறம் கேக்கறேன்," என்றது குரல்.

வீட்டில் அம்மா ஜெயம் தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்; அவள் பேச்சில் மல்லாட்டை. மகள் ஜார்ஜியாவுக்குக் கொண்டுபோக வறுத்த மல்லாட்டை ஒரு கிலோ, இடித்த பொடி ஒரு கிலோ என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கை சும்மா இருக்காது. கணவர் சகாயராஜ் போய் ஆறு வருஷம். இருப்பது இவள் ஒருத்திதான். ஆனாலும் போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"டெஸ்ட்டு இன்னா சொன்னாங்க பாப்பா?"

"எல்லாம் நல்லா இருக்காம். அம்மா, நம்ம சொந்தத்துல ஆரோக்கியசெல்வின்னு யாராவது இருக்காங்களா?"

அம்மாவின் கை நின்றது.

"யாரு கேட்டது?"

"போன்ல ஒரு பொம்பள. ரெண்டு தடவ."

"கொரலு எப்டி இருந்துச்சி? நிதானமா, ரொம்ப மரியாதையா, கடைசில அப்புறம் கேக்கறேன்னு சொன்னாளா?"

ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்மாவிடம் அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லவே இல்லை.

அம்மா முறத்தை நகர்த்திவிட்டுச் சொன்னாள். அழவில்லை. முப்பது வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பழகியது போல வரிசையாகச் சொன்னாள்.

"உனக்கு முன்ன ஒருத்தி பொறந்து செத்தா இல்ல, பெரிய பாப்பான்னு சொல்லுவமே, அவ பேருதான் ஜெசிந்தா. நீ கைக்கொழந்த. அவளுக்கு மூளைக்காய்ச்சலு. பாண்டில ஆஸ்பத்திரில வச்சிருந்தோம். ஒரு நாளு பட்டப்பகல்ல, ஒரு பொம்பள தள்ளுவண்டிய இஸ்துகினு வார்டுக்குள்ள வந்தா. கையில ஒரு தாளு. ஜெசிந்தா யாரும்மான்னு கேட்டா. நர்சு போலன்னு நானும் இதாங்க இவதான்னு சொன்னேன். பொறந்த தேதி கேட்டா, சொன்னேன். சரியா இருக்குதும்மான்னு போய்ட்டா. அர மணி நேரத்துல புள்ள போயிடுச்சி. அப்புறம் கேட்டா, அப்படி ஒருத்திய அந்த வார்டுல யாருமே பாக்கலன்றாங்க."

"அம்மா..."

"இரு. ரெண்டு வருஷங்கழிச்சி உனக்கு அதே காய்ச்சலு. அதே வார்டு. மத்தியானம் அதே சக்கரச் சத்தம் கேக்குது. உள்ள வந்து, ஆரோக்கியசெல்வி யாரும்மான்றா. அதான் உனக்கு கோயில்ல ஞானஸ்நானம் குடுத்த பேரு. எனக்கு எங்கருந்துதான் அந்த பொய் வந்துச்சோ. அப்படி யாரும் இங்க இல்லம்மா, இவ ஜெசிந்தான்னு சொல்லிட்டேன். தாள பாத்தா. ஜெசிந்தாவத்தான் அப்பவே முடிச்சாச்சேன்னு சொன்னா. அப்புறம் கேக்கறேன்னு போய்ட்டா. சாயங்காலம் உனக்கு ஜொரம் எறங்கிடுச்சி."

அன்றிலிருந்து இவள் ஜெசிந்தா. அப்பா சின்னவளின் பிறப்புச் சான்றிதழை அடுப்பில் போட்டார். பெரியவளின் சான்றிதழைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். கல்லறைத் தோட்டத்தில் பெரியவளின் சிலுவையில் வெட்டியிருந்த பெயரைச் சிமெண்ட் வைத்துப் பூசினார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அம்மா அந்தச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பதை ஜெசிந்தா பார்த்திருக்கிறாள். பெயர் ஏன் இல்லை என்று கேட்டபோது, சின்னக் குழந்தைக்கு எழுதமாட்டார்கள் என்றார்கள். தனக்கு முப்பத்து ஒன்றுதான் நடக்கிறது என்பதும் அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"சாவு ஒரு பேரத் தேடி ஒரு தடவதான் வரும் பாப்பா. வந்து வாங்கிக்கினு போன பேரு அது. அந்தப் பேருல நீ இருக்கற வரைக்கும் உன்ன யாராலயும் தேட முடியாது."

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. பயத்தில் வரும் கோபம். செத்துப்போன அக்காளின் பெயரிலும் தேதியிலும் படித்து, வேலை பார்த்து, பாஸ்போர்ட்டும் எடுத்திருக்கிறாள். அவளுடையது என்று சொல்ல ஒன்றுமில்லை. லேப்டாப்பைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தாள்.

"இன்னா பண்ற?"

"வேற பேரு உண்டான்னு கேட்டிருக்கான். இல்லன்னு போட்டு அனுப்பினா அது பொய். நாளைக்கு அந்த ஊர்ல எனக்கு ஏதாவது ஆச்சின்னா, கோயில் பதிவேட்டப் பாத்துட்டு ஒரு பைசா தரமாட்டான். யாருமில்லாத ஊர்ல ஆஸ்பத்திரி வாசல்ல கெடக்கணுமா?"

"உம்பாலிசி காசு குடுக்கறதுக்கு. நான் போட்டது உசுருக்கு. முப்பது வருஷமா செல்லுது அது. நீ அந்தப் பேர ஒரு தாள்ல எழுதிட்டா அதோட சரி."

"அவ ஏற்கெனவே கண்டுபிடிச்சிட்டாளேம்மா. விழுப்புரத்துல பேரு கேட்டதும் எழுந்து நின்னுட்டேன்."

அம்மாவின் முகம் அப்படி வெளிறி ஜெசிந்தா பார்த்ததே இல்லை, அப்பா செத்த அன்றுகூட.

ஒன்பதாவது கேள்வியில் இல்லை என்பதை அழித்து, ஆம் என்று மாற்றினாள். கீழே ஒரு கட்டம் திறந்தது. ஆ என்று அடித்தாள். ரோ என்று அடித்தாள். தரையில் கிடந்த செல்போன் அடித்தது.

திரையில் எண் இல்லை. இருவரும் அதையே பார்த்தார்கள். நாலாவது முறை மணி அடித்தபோது ஜெசிந்தா கை நீட்டினாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"சொல்லும்மா," என்றாள். "ஆமா. நான்தான். ஆரோக்கியசெல்விதான் பேசறேன்."

ஜெசிந்தா போனைப் பிடுங்கப் பார்த்தாள். அம்மா ஒரு கையால் அவளைத் தள்ளிப் பிடித்தாள். அறுபது வயதுக் கை, உரல் இடித்த கை. அசைக்க முடியவில்லை.

"அன்னிக்கி நான் இல்லன்னு சொன்னது தப்புதாம்மா. புள்ளைய விட்டுப் போக மனசு வரல. இப்ப அவ வளந்துட்டா. வெளிநாடு போறா." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தேதியைச் சொன்னாள். நாள், மாசம், வருஷம், நிதானமாக. "சரிம்மா. வூட்லதான் இருக்கேன். எங்கயும் போகல."

போனைத் தரையில் வைத்துவிட்டு முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவள் விரல்கள் மறுபடி மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தன.

"இன்னா தேதிம்மா சொன்ன?"

"உன்னுது சொல்லல. நான் பொறந்த தேதியச் சொன்னேன்." ஒரு பருப்பை ஊதித் தோலை நீக்கினாள். "உன் பேரு என்னவோ அத எழுதி அனுப்பு பாப்பா. இனிமே பயமில்ல. ஜல்தியா அனுப்பு, நாளைக்கு வெள்ளிக்கெழமயாச்சே."

"அவ இன்னா சொன்னா?"

"தாளப் பொரட்டற சத்தம் கேட்டுச்சி," என்றாள் அம்மா. "சரியா இருக்குதும்மான்னு சொன்னா."